அந்த எலிக்கு லிவரில் மட்டும்தான் இல்லை

போன வருடம் ஒரு சனிக்கிழமை நடந்தது இது. பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வருடம் முழுக்க வாசலில் செக்யூரிட்டி நின்று ஐடி கார்டு கேட்கும் இடம். ஒரே ஒரு நாள் மட்டும் கேட்டை அகலத் திறந்து, யார் வேண்டுமானாலும் வந்து பாருங்கள் என்று விட்டுவிடுவார்கள். ஓபன் டே என்று பெயர். அன்றைக்குப் பாதி ஊர் அங்கேதான் இருக்கும். ஸ்கூல் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு அப்பாக்கள் அலைவார்கள், ஐஸ்கிரீம் வண்டிக்காரருக்கு நல்ல வியாபாரம்.

நான் அதே பெங்களூரில் மர்பி டவுன்காரி. பிறந்தது, படித்தது, கல்யாணமானது எல்லாம் அங்கேயேதான். கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு கடையில் ஆல்ட்ரேஷன் வேலை செய்கிறேன். சுடிதாரைப் பிடிப்பது, பிளவுஸைத் தளர்த்துவது, பேன்ட் உயரத்தைக் குறைப்பது. உனக்கும் விஞ்ஞானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், என் மகள்தான் சம்பந்தம்.

அவளுக்கு அப்போது எட்டு வயது. பிறவியிலேயே ஒரு என்சைம் கிடையாது. சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரையில் கொஞ்சத்தைக் கல்லீரல் சேர்த்து வைத்துக்கொள்ளும். வயிறு காலியானதும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும். நாமெல்லாம் ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் காலை வரை நிம்மதியாகத் தூங்குவது அந்த வேலை நடப்பதால்தான். என் மகளின் கல்லீரலுக்குச் சேர்த்து வைக்கத் தெரியும், வெளியே விடத் தெரியாது. பீரோ நிறையத் துணி இருந்தும் சாவி இல்லாத மாதிரி. சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆனால் சர்க்கரை சரசரவென்று இறங்கிவிடும். முதலில் வியர்க்கும், அப்புறம் சிடுசிடுப்பாள், அப்புறம் சொக்கிப் போவாள். அதற்கு மேல் போனால் வலிப்பு. அதற்கும் மேலே போனால் என்ன என்பதை எழுத எனக்கு மனசு வரவில்லை.

இதற்கு மருந்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பச்சை கார்ன்ஃப்ளோர். ஊரெல்லாம் கோபி மஞ்சூரியனுக்கு வாங்கும் அதே மாவுதான். சூடு பண்ணக் கூடாது. பச்சைத் தண்ணீரில் கலக்கி அப்படியே குடிக்க வேண்டும். மெதுவாகச் செரித்து, மெதுவாகச் சர்க்கரை கொடுக்கும். பகலில் சாப்பாட்டுக்கு நடுவே, ராத்திரியில் அலாரம் வைத்து எழுப்பி. அவள் பிறந்ததிலிருந்து நான் ஒரே மூச்சாக ஒரு ராத்திரி தூங்கியது கிடையாது. என் வீட்டுக்காரர் கேப் ஓட்டுகிறார். அவருக்கு நைட் டியூட்டி இல்லாத நாட்களில் முறை வைத்துக்கொள்வோம். முறை அவருடையதாக இருந்தாலும் அலாரத்துக்கு முன்னால் எனக்கு விழிப்பு வந்துவிடும். பாழாய்ப்போன பழக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. எங்கள் டாக்டர் ரொம்பப் பொறுமைசாலி. அவரே ஒரு தடவை, "உங்க கேள்விக்குன்னு தனியா ஒரு ஓபி வெக்கணும்மா" என்று சிரித்தார். என்சைம் பெயரைக்கூட எழுதி வாங்கி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். குளுகோஸ் சிக்ஸ் ஃபாஸ்ஃபடேஸ். எங்கள் தெருவில் அந்தப் பெயரை நாக்குத் தடுமாறாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அன்றைக்குப் போனது மகளுக்காக. ரோஜாப் பூவை ஏதோ புகை வரும் திரவத்தில் முக்கி எடுத்துக் கண்ணாடி மாதிரி உடைப்பார்கள் என்று அவள் டீச்சர் சொல்லியிருந்தார். அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரு வாரமாக உயிரை எடுத்தாள். அந்த இடத்தைத் தேடிப் போகும் வழியில் ஒரு கட்டிடத்தின் வராண்டாவில் வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். மாவுத் தண்ணீர் பாட்டிலுக்கு நேரம் நெருங்கிவிட்டதே என்று அங்கே ஓரமாக நின்று மாவைக் கலக்கிக் குலுக்க ஆரம்பித்தேன். குலுக்கிக்கொண்டே நிமிர்ந்தால், எதிரே தொங்கிய சார்ட்டில் எனக்கு மனப்பாடமான அந்தப் பெயர், இங்கிலீஷில் கொட்டை எழுத்தில்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? ஊர் பேர் தெரியாத இடத்தில் நம் வீட்டுப் பேரை யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது. பாட்டிலைக் கையில் வைத்தபடியே மேஜைக்குப் போய்விட்டேன்.

மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் நின்றாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். பி.எச்டி. பண்ணுகிறவள். வருகிறவர்களுக்குக் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாற்றி மாற்றிச் சொல்லித் தொண்டை கட்டியிருந்தது. நான் மகளை "ஓடாதடி, இங்கயே நில்லு" என்று அதட்டியதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. "தமிழா அக்கா? அப்பாடா" என்றாள். சேலம் பக்கமாம்.

மேஜையில் கம்பளித் துணியில் தைத்த பெரிய எலி பொம்மை ஒன்று. வயிற்றைத் திறந்தால் உள்ளே பிரவுன் கலரில் கல்லீரல், சிகப்பில் இரண்டு கிட்னி, ரோஸ் கலரில் குடல். எல்லாம் ஒட்டி எடுக்கிற மாதிரி. அவளே தைத்ததாம். தையல் அவ்வளவு சுத்தம் இல்லை, ஆனால் யோசனை பிரமாதம். என் மகள் உடனே எலியைப் பிரித்துப் போட ஆரம்பித்துவிட்டாள்.

"நிஜ எலி இல்லையா?" என்று கேட்டேன்.

"அதுங்கள வெளிய கொண்டு வர மாட்டோம்கா. அதுங்க இருக்கற ரூமுக்கு நாங்களே டிரஸ் மாத்தி, தலைக்கு கவர் போட்டுத்தான் போகணும்" என்றாள்.

அப்புறம் விளக்கினாள். உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஜீன் இருக்கிறது. ஒரு ஜீன் என்ன வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க அதை எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் இந்த என்சைமுக்கான ஜீனை எலியின் கல்லீரலில் எடுத்துவிட்டார்கள். எப்படி எடுப்பது? ஜீனுக்கு இந்தப் பக்கம் ஒரு குறி, அந்தப் பக்கம் ஒரு குறி வைத்துவிடுவார்கள். ஒரு கத்தரிக்கோல் மாதிரியான பொருள் வந்து இரண்டு குறிக்கும் நடுவில் இருப்பதை வெட்டி எடுத்துவிட்டு, மிச்ச முனைகளை ஒட்டிவிடும். நான் சிரித்துவிட்டேன். சாக்பீஸால் இரண்டு கோடு போட்டு, நடுத்துணியை வெட்டி, முனைகளைச் சேர்த்துத் தைப்பது என் அன்றாடப் பிழைப்பு. "இது தெரிஞ்ச வேலதான்மா, மேல சொல்லு" என்றேன்.

"இப்ப, இந்த எலிய பட்டினி போட்டா என்னாகும்? சர்க்கரை விழணும் இல்லக்கா? மொதல்ல கொஞ்சம் தடுமாறுது. அப்புறம் பாத்தா விழவே இல்ல! இது எப்படின்னு தோண்டிப் பாத்தா..." என்று சொல்லி, பொம்மையிலிருந்து சிகப்புக் கிட்னியை எடுத்துக் காட்டினாள். "இதுவும் குடலும் சேர்ந்து அந்த வேலைய எடுத்துக்குச்சு. லிவர் செய்யலேன்னா நாங்க செய்யறோம்னு. சூப்பர் இல்ல?"

அவளுக்கு அது சூப்பர். எனக்கு அந்த இடத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

நான் முட்டாள் இல்லை. என் கணக்கைக் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்? "லிவர்ல ஒரு என்சைம் இல்லம்மா." இவளும் அதே என்சைமைத்தான் சொல்கிறாள், அதே லிவரைத்தான் சொல்கிறாள். அந்த எலி சாப்பிடாமல் இருந்து பிழைக்கிறது. எப்படி? முதலில் தடுமாறியதும் கிட்னி விழித்துக்கொண்டது. அப்படியென்றால் என் மகளின் கிட்னி ஏன் விழிக்கவில்லை? நாங்கள் தடுமாறவே விடவில்லையே! நேரம் தவறாமல் பாட்டிலை ஊட்டி ஊட்டி அதற்கு வேலையே இல்லாமல் பண்ணிவிட்டோமோ?

நான் இதை அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கலாம். "எவ்ளோ நேரம் பட்டினி கெடக்கும் அது?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் என்றாள். மகளுக்கு வியாதி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர்களின் முகம் இறங்கும் பாருங்கள், அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அதனால் வாயைத் திறக்கவில்லை. குலுக்கி வைத்திருந்த பாட்டிலை இறுக்கி மூடிப் பைக்குள் வைத்தேன்.

மகள் அதைப் பார்த்துவிட்டாள். "இப்ப வேணாமா மம்மி?"

"கொஞ்ச நேரம் போகட்டும்."

அவளுக்கு ஒரே குஷி. அந்த மாவுத் தண்ணீர் யாருக்குத்தான் பிடிக்கும்? பூ உடைக்கிற இடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அங்கே க்யூ மரத்தைச் சுற்றி வளைந்து நின்றது. வெயில். நாங்களும் கடைசியில் போய் நின்றோம். நான் பூவைப் பற்றி நினைக்கவே இல்லை. இன்றைக்கு இது சரியாக வந்தால் ராத்திரி அலாரத்தை அணைத்துவிட்டுப் படுக்க வேண்டும், வீட்டுக்காரரிடம் காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று திட்டமே போட்டுவிட்டேன். மகள் வழக்கத்துக்கு மாறாகப் பேச்சைக் குறைத்தாள். நெற்றியில் வியர்வை. வெயில்தானே என்றேன் மனசுக்குள். "கால் வலிக்குது" என்று சிணுங்கினாள். முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்ததற்கு அவனிடம் எரிந்து விழுந்தாள். எனக்குத் தெரியாத அறிகுறிகளா இவை? மற்ற நாளாக இருந்தால் இதற்குள் பாட்டில் அவள் வாயில் இருந்திருக்கும். அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் தடுமாறும் என்று சொன்னாளே, இதுதான் அது, இப்போது கிட்னி ஆரம்பித்துவிடும் என்று பஸ்ஸுக்கு நிற்பதுபோல் கிட்னிக்காக நின்றுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அந்தப் பெண் ஓடி வந்தாள். ஐடி கார்டு முதுகுப் பக்கம் போய்த் தொங்குகிறது, மூச்சு வாங்குகிறது. ஒவ்வொரு க்யூவாகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"அக்கா, பாப்பா அந்த பாட்டில குடிச்சிருச்சா?"

"இல்ல. ஏன் கேக்குற?"

"அது கார்ன்ஃப்ளோர்தானே?"

நான் தலையாட்டினேன்.

"மொதல்ல அத குடுங்கக்கா. ப்ளீஸ். குடுத்துட்டு அப்புறம் என்னைத் திட்டுங்க."

அந்தக் குரலில் என்ன இருந்ததோ, எனக்குச் சுரீர் என்றது. பையிலிருந்து சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுத்து மகளின் விரலில் குத்திப் பார்த்தேன். திரையில் வந்த நம்பர் ரொம்பக் கீழே இருந்தது. கிட்னி வரவில்லை. வருகிற அறிகுறியும் இல்லை. பையில் எப்போதும் வைத்திருக்கும் குளுகோஸைப் பிரித்து முதலில் அவள் வாயில் போட்டேன். அந்தப் பெண் அப்படியே புல்தரையில் உட்கார்ந்து மகளை மடியில் சாய்த்துக்கொண்டாள். நான் பாட்டிலைக் குலுக்கிக் குலுக்கிக் கொடுத்தேன். சுற்றிலும் ஜனம், மைக்கில் யாரோ கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் என் காதில் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் மகளுக்கு முகம் தெளிந்தது. கண்ணைச் சுழற்றிப் பார்த்தாள். மாவுத் தண்ணீர் மேலுதட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அவளுடைய முதல் கேள்வி, "உங்க எலியும் இதத்தான் குடிக்குமா?"

கேள்வி கேட்கும் வியாதி மட்டும் என்னிடமிருந்து சரியாக அவளுக்குப் போயிருக்கிறது.

"அதுக்கு வேணாம்டா தங்கம்" என்றாள் அந்தப் பெண்.

"ஏன், அதுக்கு மட்டும் வேணாம்?"

அவள் என்னைப் பார்த்தாள். மகளுக்குச் சொல்வதுபோல் எனக்குத்தான் சொன்னாள். "அந்த எலிக்கு லிவர்ல மட்டும்தான் அந்த ஜீன் இல்ல. நாங்க வெட்டுனது அங்க மட்டும்தான். கத்தரிக்கோல் எல்லா இடத்துலயும் வேலை செய்யாது, லிவர்ல மட்டும் வேலை செய்யற மாதிரிதான் வச்சிருக்கோம். அதனால கிட்னியில, குடல்ல எல்லாம் ஜீன் அப்படியே இருக்கு. அதுங்க உதவிக்கு வந்துச்சு. உங்களுக்கு அப்படி இல்லடா."

எனக்குப் புரிந்துவிட்டது. பிறவியில் வந்தது உடம்பு முழுக்க வந்திருக்கிறது. கல்லீரலில் இல்லாதது கிட்னியிலும் இல்லை, குடலிலும் இல்லை. ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரி போகும்போதும் கிட்னிக்கு ஏன் ஸ்கேன் எடுக்கிறார்கள் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒரு ஜாக்கிரதைக்கு என்பார்கள். இத்தனை கேள்வி கேட்ட நான் அந்த ஒரு பதிலை மட்டும் தோண்டாமல் விட்டிருக்கிறேன்.

"நீ எப்படிம்மா கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன்.

"நீங்க பாட்டில உள்ள வெச்சப்ப பால்னுதான் நெனச்சேன். ஆனா அடியில மாவு படிஞ்சிருந்துச்சு. யாருக்கா குழந்தைக்கு மாவு கலந்த பச்சத் தண்ணி குடுப்பாங்க? நீங்க போனதும்தான் சட்டுனு தோணுச்சு. பாப்பாவோட உப்புன கன்னம், கட்ட உயரம், பெருத்த வயிறு... நான் புத்தகத்துல போட்டோவுல பாத்த மாதிரியே. அப்புறம் நீங்க கேட்ட கேள்வி ஞாபகம் வந்துச்சு. பயந்து போயிட்டேன்கா." இந்த வியாதிக்காகவே அவள் எலி வளர்க்கிறாள், ராத்திரி பகலாக உழைக்கிறாள். ஆனால் இந்த வியாதி உள்ள குழந்தையை அவள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவையாம்.

மகள் அதைக் கேட்டதும் பெரிய மனசோடு சட்டையைக் கொஞ்சம் தூக்கினாள். "இங்க தொட்டுப் பாருங்க. என் லிவர் பெருசு. எல்லா டாக்டரும் தொடுவாங்க."

அந்தப் பெண் கையைத் தேய்த்துச் சூடு பண்ணிக்கொண்டு, ரொம்ப மெதுவாக வலது பக்கம் வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கவே இல்லை. அவள் கண் கலங்கியது.

எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் என் நாக்கு அப்படிப்பட்டது. "ஏம்மா, லிவர்ல மட்டும் ஏன் வெட்டுனீங்க? என் பொண்ணு மாதிரி உடம்பு பூரா இல்லாத எலிய வெச்சுகினு பாக்கலாமே?"

மகள் புல்லைப் பிடுங்கி விளையாட ஆரம்பித்த பிறகு, அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அந்த மாதிரியும் உண்டுக்கா. ஆனா குட்டிங்க தங்கறதில்ல. தாய்ப்பால் நின்ன கொஞ்ச நாள்ல போயிரும். யாராவது பக்கத்துலயே இருந்து, விடாம சர்க்கரை குடுத்துகிட்டே இருந்தா சிலது வளரும். ஒரு எலிக்குட்டிக்கு அப்படி யாருக்கா உக்காருவாங்க?"

சொல்லிவிட்டு என் மகளைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எட்டு வயது. மூன்றாம் வகுப்பு. புல்லைப் பிடுங்கித் தன் செருப்புக்கு மேல் மலை மாதிரி குவித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேர் நடுவில் நான் உட்கார்ந்து அழுதேன். துக்கமா, பயமா, பெருமையா என்று கேட்டால் எனக்கே தெரியாது. மூன்றும்தான்.

பூ உடைப்பதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். அந்தப் பெண்தான் முன்வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்தாள். அடுத்த தடவை ஆஸ்பத்திரி போனபோது டாக்டரிடம் கிட்னியைப் பற்றிக் கேட்டேன். யார் சொன்னது என்று ஆச்சரியப்பட்டு, பேப்பரில் படம் போட்டு உட்கார வைத்து விளக்கினார். வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் என்னைத் திட்டவில்லை. "இனிமே உனக்கு ஏதாவது புதுசா தெரிஞ்சா, மொதல்ல எனக்கு போன் பண்ணு" என்றார். அது திட்டியதைவிட அதிகமாகச் சுட்டது.

இப்போதும் அலாரம் அடித்தால் எரிச்சல் வரத்தான் செய்கிறது. தூங்கும் குழந்தையை எழுப்பி மாவுத் தண்ணீர் புகட்டுவது ஒன்றும் புனிதமான காரியம் இல்லை, அலுப்பான வேலை. ஆனால் அவள் கல்லீரலும் கிட்னியும் குடலும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையை நாங்கள் இரண்டு பேர் வெளியே உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறோம் என்பது இப்போது எனக்குத் தெரியும். பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளாத அந்தப் பெண் அன்றைக்கு ஓடி வந்திருக்காவிட்டால், அந்த வேலையை வராத ஒரு கிட்னியை நம்பி ஒப்படைத்துவிட்டு நான் அந்த க்யூவிலேயே நின்றுகொண்டிருந்திருப்பேன். அதை நினைக்கும் போதெல்லாம், தூங்குகிற மகளின் நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று என் கை தானாகப் போய்த் தொட்டுப் பார்க்கிறது.